180 எம்பி காலி, 3 எம்பிக்கு இடமில்லை

காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கேமரா எழுந்திருக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே மாட்டிய சின்னப் பெட்டி அது. கீழே ஓடும் பாட்டில்களைப் படம்பிடித்து, மூடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரவில் பெல்ட் நிற்கும்போது எங்கள் மென்பொருளும் கேமராவை மூடிவிடும், காலையில் திறக்கும். பத்தொன்பது நாள் அப்படியே நடந்தது. இருபதாம் நாள் திறக்கவில்லை.

அங்கிருந்தவர் செய்தது யாரும் செய்வதுதான். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினார், வேலை செய்தது. "லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும்" என்று எழுதி நாங்களும் புகாரை மூடிவிட்டோம். அடுத்த சில வாரங்களில் இன்னும் மூன்று பெட்டிகள் அதே மாதிரி காலையில் அடம்பிடித்தன. அதற்கப்புறம்தான் லாக்கை வாங்கிப் பார்க்கத் தோன்றியது.

லாக்கில் கெர்னல், அதாவது ரேமைப் பங்கிட்டுக் கொடுக்கும் லினக்ஸின் மையப்பகுதி, தெளிவாகவே சொல்லியிருந்தது: பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 10. கேட்ட நினைவகம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழேயே அந்த நேரத்து ரேம் நிலவரத்தையும் அச்சிட்டிருந்தது. மொத்தம் 512 எம்பியில் 180 எம்பிக்கு மேல் காலி. நாங்கள் கேட்டது 3 எம்பி.

எங்கள் குழுவில் ஹார்டுவேர் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மூணுல ஒரு பங்கு ரேம் சும்மா கெடக்கு, மூணு எம்பி தர மாட்டேங்குதா? என்னப்பா கதை விடுற?" என்றார். "இல்ல சார், பார்க்கிறேன்" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியவன் நான்தான்.

முதலில் அந்த 3 எம்பி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கேமரா தரும் ஒரு படம் 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு ஒன்றரை பைட். பெருக்கினால் 31,10,400 பைட். லினக்ஸ் கெர்னல் ரேமை 4 கேபி பக்கங்களாக வெட்டி வைத்திருப்பதால் ஒரு படத்துக்கு 760 பக்கங்கள் வேண்டும். ஒன்றை நிரப்பும்போது இன்னொன்றைப் படிக்க வேண்டுமே, அதனால் மாற்றி மாற்றிப் பயன்படுத்த இப்படிப் படம் வைக்கும் இடங்கள், அதாவது பஃபர்கள், நான்கு.

இதே 3 எம்பியை ஒரு சாதாரணப் புரோகிராம் கேட்டிருந்தால் சத்தமில்லாமல் கிடைத்திருக்கும். 760 பக்கங்களும் ரேமில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கலாம். பிராசஸருக்குள் இருக்கும் எம்எம்யூ அவற்றை ஒட்டுப்போட்டு, புரோகிராமுக்கு ஒரே நீளத் துணி மாதிரி காட்டிவிடும். கெர்னலுக்குள்ளும் விமலாக் என்ற ஃபங்ஷன் இதைத்தான் செய்கிறது. ஆனால் கேமராவின் படம் பிராசஸர் வழியாக ரேமுக்குப் போவதில்லை. சில்லில் இருக்கும் டிஎம்ஏ எஞ்சின் நேராக ரேமில் எழுதுகிறது. அதற்கு ஒட்டுப்போட்ட கதையெல்லாம் தெரியாது. தொடக்க முகவரி ஒன்றைக் கொடுத்தால், அங்கிருந்து 31 லட்சம் பைட்டை மூச்சுவிடாமல் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். நடுவில் ஒரே ஒரு பக்கம் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தாலும் அதன் மேலேயும் எழுதிவிடும்.

கல்யாணப் பந்தி மாதிரிதான். முந்நூறு இலையில் நூறு காலியாக இருக்கும். தனியாக வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டி, பேரன், மாப்பிள்ளை என்று எட்டுப் பேராக வந்து ஒரே வரிசையில்தான் உட்காருவோம் என்பவர்களுக்கு அந்த நூறும் உதவாது.

எல்லா ஹார்டுவேரும் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் டிஎம்ஏ எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை வாங்கிக்கொள்ளும்: இங்கே 4 கேபி, அங்கே 8 கேபி, அப்புறம் அந்த மூலையில் 4 கேபி. சிதறியவற்றைத் தாங்களே சேகரித்துக்கொள்வார்கள். பெரிய சில்லுகளில் சாதனங்களுக்கென்றே ஒரு எம்எம்யூ இருக்கும். இன்டெலில் விடி-டி, ஏஆர்எம்மில் எஸ்எம்எம்யூ, பொதுப்பெயர் ஐஓஎம்எம்யூ. அது இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நாங்கள் வாங்கியது மலிவான சில்லு, அதில் இரண்டும் கிடையாது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்து விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய பை பலகைகளில் இருந்த வீடியோகோர் 4 கிராஃபிக்ஸ் பகுதிக்கும் ரேமுக்கும் நடுவே எம்எம்யூ இல்லை. அதனால்தான் அதன் லினக்ஸ் டிரைவர் தொடர்ச்சியான நினைவகத்தைக் கேட்டது, கிளம்பும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் சிஎம்ஏ என்ற எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பலரும் அல்லாடியதும் அதனால்தான். சிஎம்ஏ பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொடர்ச்சியான காலியிடத்தைக் கெர்னலில் பார்த்துக்கொள்வது பட்டி அலொகேட்டர். மாட்டுப்பட்டி இல்லை, ஆங்கிலத்தில் கூட்டாளி என்று பொருள்படும் பட்டி. காலிப் பக்கங்களை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 1024 வரை பதினொரு பட்டியல்களில் வைத்திருக்கும். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், ஆர்டர் 10 என்றால் 1024 பக்கம், அதாவது 4 எம்பி. எங்கள் பலகையில் அதற்கு மேல் கேட்கவே முடியாது. சின்னது வேண்டுமென்றால் பெரியதைப் பாதியாக வெட்டும். திரும்பி வந்ததும் அதன் மறுபாதியும் காலியா என்று பார்த்து ஒட்டிவிடும். மறுபாதியைக் கண்டுபிடிக்கும் விதம்தான் அழகு. பக்க எண்ணில் ஒரே ஒரு பிட்டைத் திருப்பினால் போதும். 12-ஆம் பக்கத்தில் தொடங்கும் நான்கு பக்கத் துண்டின் கூட்டாளி 8-இல் தொடங்குவது. இரண்டும் சேர்ந்தால் 8-இல் தொடங்கும் எட்டுப் பக்கம். தேடல் எதுவும் வேண்டாம்.

இந்த முறையை 1965-இல் விவரித்துக் கட்டுரை வெளியிட்டவர் பெல் ஆய்வகத்தின் கென்னத் நோல்டன். அவருக்கு முன்பே, 1963-இல், ஹாரி மார்கோவிட்ஸ் இதைப் பயன்படுத்தியிருந்தார். ஆமாம், 1990-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அதே மார்கோவிட்ஸ்தான். முதலீட்டை எப்படிப் பிரித்துப் போடுவது என்று உலகத்துக்குச் சொன்னவர், ரேமைப் பிரித்துப் போடுவதையும் யோசித்திருக்கிறார். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து இந்தத் தகவலை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

சரி, எங்கள் பெட்டிக்கு வருவோம். 512 எம்பி என்பது 128 நாலு-எம்பித் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு பக்கத்தை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால், அதாவது மொத்தமே 128 பக்கம், அரை எம்பி, ஆர்டர் 10 பட்டியல் சுத்தமாகக் காலியாகிவிடும். மீதி 511.5 எம்பியும் சும்மா கிடந்தாலும் எனக்குக் கிடைக்காது. மூத்தவரின் கேள்விக்கு இதுதான் பதில். அவருக்குப் பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினேன். "சரி, அந்த 128 பேரு யாரு?" என்றார். எப்போதும் போல அடுத்த கேள்வி முந்தையதைவிடக் கஷ்டமானது.

கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவில் பட்டி-இன்ஃபோ என்றொரு கோப்பு உண்டு. ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை துண்டு மிச்சம் என்று ஒரே வரியில் காட்டும். எங்கள் அறையில் ஒரு பெட்டியை ஓடவிட்டு, தினமும் கேமராவை மூடிய பிறகு அந்த வரியை எடுத்து வைத்தேன். கடைசி நெடுவரிசை, அதாவது ஆர்டர் 10, முதல் நாள் எழுபதுக்கு மேல் இருந்தது. தினமும் மூன்று, நான்கு என்று குறைந்துகொண்டே வந்தது. இந்த மூன்று நான்கு எனக்கு உறுத்தியது. என் பஃபர்களும் நான்குதானே.

அங்கேதான் பிடிபட்டது. 760 பக்கம் கேட்டாலும் பட்டி முறையில் 1024-ஆகத்தான் எடுக்க முடியும். ஏஆர்எம் கெர்னலின் டிஎம்ஏ பகுதி நல்ல மனதோடு மீதி 264 பக்கங்களை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வீணாக்கக் கூடாது அல்லவா? பகல் முழுக்க அந்த 264-இல் கெர்னலின் சில்லறை வேலைகள் வந்து குடியேறும். ஒரு நெட்வொர்க் அமைப்பு, ஒரு கோப்பின் விவரக் குறிப்பான ஐநோடு, ஏதோ ஒரு புரோகிராமின் பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பேஜ் டேபிள். இரவில் கேமராவை மூடும்போது என் 760 திரும்பும், ஆனால் கூட்டாளி காலியாக இல்லாததால் 1024-ஆக ஒட்டாது. அடுத்த நாள் காலை புதிதாக நான்கு முழுத் துண்டுகளை உடைப்பேன். இப்படி நாளுக்கு நான்காக உடைத்து, இருபதாம் நாள் என் வீட்டை நானே காலி செய்திருக்கிறேன். மூத்தவர் கேட்ட அந்த ஆட்களைக் கூட்டிவந்து குடிவைத்ததே என் டிரைவர்தான்.

இந்தத் தொல்லை கெர்னல் எழுதுபவர்களுக்குத் தெரியாததல்ல. மெல் கோர்மன் பல வருடம் இதே விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் அவருடைய பிரிவினை வந்தது. நகர்த்தக்கூடிய பக்கங்கள் ஒரு புறம், நகர்த்த முடியாதவை இன்னொரு புறம். புரோகிராம்களின் பக்கங்களை நகர்த்துவது எளிது: வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பேஜ் டேபிளைத் திருத்தினால் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தனக்கென்று எடுத்த பக்கங்கள் அப்படியல்ல. அதன் முகவரியை எந்தெந்த பாயின்டர் வைத்திருக்கிறது என்று யாரிடமும் கணக்கு கிடையாது. அப்புறம் 2010-இல் 2.6.35-இல் கம்பாக்‌ஷன் வந்தது. கீழிருந்து ஒருவர் நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கிக்கொண்டே வருவார், மேலிருந்து இன்னொருவர் காலியிடங்களைப் பொறுக்கிக்கொண்டே இறங்குவார், இருவரும் சந்திக்கும் இடத்தில் வேலை முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் டிஎம்ஏவுக்காக எடுக்கும் பக்கம் நகராத வகை, அதன் மிச்சமான 264-உம் நகராதவர்களின் பட்டியலுக்கே போனது. எனவே அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எழுப்ப முடியாதவர்கள். கம்பாக்‌ஷனைக் கையால் ஓடவிட்டும் பார்த்தேன். கடைசி நெடுவரிசை அசையவில்லை.

அடுத்த மருந்து சிஎம்ஏ. சாம்சங்கில் இருந்த மைக்கேல் நசரேவிச்சும் மாரெக் ஷிப்ரோவ்ஸ்கியும் 2010-இல் முன்வைத்து, இருபதுக்கு மேற்பட்ட முறை திருத்தி எழுதி, 2012 ஜூலையில் வெளியான 3.5 கெர்னலில் ஒருவழியாகச் சேர்ந்தது. அவர்களுக்கும் கேமராக்களும் வீடியோச் சில்லுகளும்தான் பிரச்சினை. போன்களில் அதற்கென்று பல எம்பியைப் பூட் ஆகும்போதே ஒதுக்கிப் பூட்டிவிடுவார்கள். கேமராவை வாரத்துக்கு ஒரு தடவை திறப்பவருக்கும் அந்த ரேம் வருடம் முழுக்கக் கிடையாது.

சிஎம்ஏவின் யோசனை நம் ரயில் பெட்டியில் தினமும் நடப்பது. ரிசர்வ் செய்த இருக்கை காலியாக இருந்தால், உரியவர் ஏறும் வரை யாரும் உட்காரலாம். அவர் வந்து டிக்கெட்டைக் காட்டினால் எழுந்துவிட வேண்டும். பூட் ஆகும்போது தொடர்ச்சியான ஒரு பகுதியைக் குறித்து வைத்துவிடுவார்கள், ஆனால் பூட்டுவதில்லை. நகர்த்தக்கூடிய பக்கங்கள் மட்டும் அங்கே தங்கலாம். கேமரா வந்து கேட்டால் கெர்னல் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, 760 என்றால் 760-ஐ எண்ணிக் கொடுக்கும். 1024-ஆக எடுத்து மிச்சத்தைக் கடைவிரிக்கும் சிக்கலே இல்லை.

படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கெர்னல் கட்டமைப்பில் வழக்கமாக இருக்கும் அளவு 16 எம்பி. நான்கு பஃபருக்கு 12 எம்பிக்குள்தான் வேண்டும், அதனால் அதைத் தொடவில்லை. சோதனையில் நன்றாக ஓடியது. அனுப்பினோம். ஒரு மாதத்தில் திரும்பவும் அதே போன். இந்த முறை மூன்று பஃபர் கிடைத்தது, நான்காவது கிடைக்கவில்லை.

ரயிலில் போனவர்களுக்குக் காரணம் புரியும். உட்காருகிறவர் எழுந்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஏற்பாடே நடக்கிறது. ஒருவர் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால்? நாங்கள் வைத்திருந்தது சில்லு விற்றவர்கள் தந்த பழைய கெர்னல். அதில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் அடிப்படை விவரங்கள் அடங்கிய சூப்பர்பிளாக்கைப் படித்து வைக்கும் பக்கம் நகரக்கூடியது என்ற பெயரில் சிஎம்ஏ பகுதிக்குள் வரலாம். வந்தபின் அந்த வட்டு மவுன்ட்டில் இருக்கும் வரை அதை விடாது. மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலின் சூப்பர்பிளாக்கும் அதே ரகம். பின்னால் வந்த கெர்னல்களில் இவற்றை நகராத இடத்திலேயே எடுக்கும்படி மாற்றிவிட்டார்கள். நீண்ட நாளுக்குப் பிடித்து வைக்கப்படும் புரோகிராம் பக்கங்களையும் முதலில் சிஎம்ஏவுக்கு வெளியே நகர்த்திவிட்டுத்தான் இப்போது பிடிக்கிறார்கள். எங்கள் பழைய கெர்னலில் இரண்டும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு பஃபரும் 1 எம்பி எல்லையில்தான் தொடங்கும், எனவே 16 எம்பி என்பது 16 கட்டம், ஒரு பஃபருக்கு அடுத்தடுத்து 3 கட்டம். கட்டங்களை 0 முதல் 15 வரை எண்ணுங்கள். 2, 7, 12 ஆகிய மூன்று கட்டங்களில் நடுவாக ஒவ்வொரு பக்கம் மாட்டிக்கொண்டால் மிஞ்சுவது 2 கட்டம், 4 கட்டம், 4 கட்டம், 3 கட்டம். அதில் பஃபர் மூன்றுதான் பிடிக்கும். 16 எம்பியை மூன்று பக்கம், வெறும் 12 கேபி, முடக்கிவிட்டது.

சிஎம்ஏவை 64 எம்பியாக்கலாம் என்றார்கள். ஆக்கினால் என்ன ஆகும்? கெர்னல் தன் சொந்தத் தேவைக்கு அந்த 64-ஐத் தொட முடியாது. காலி ரேம் கணக்கில் அது சேர்ந்து காட்டும், ஆனால் நெட்வொர்க் டிரைவருக்கு ஒரு பக்கம்கூட அங்கிருந்து கிடைக்காது. 512 எம்பிப் பெட்டியில் இது விளையாட்டில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. எத்தனை பெரிதாக்கினாலும் "பெரும்பாலும் கிடைக்கும்" என்பதைத் தாண்டி என்னால் எதுவும் சொல்ல முடியாது. போன் என்றால் கேமரா திறக்காதபோது ஆள் திட்டிக்கொண்டே திரும்பத் தொடுவார். பெல்ட்டுக்கு மேலே தொங்கும் பெட்டியை யார் தொடுவார்கள்?

கடைசியில் நான் செய்தது, யாருடைய கோடில் பார்த்தாலும் அதுவரை முகம் சுளித்திருந்த வேலை. பூட் வரியில் ரேம் 496 எம்பி என்று கெர்னலிடம் பொய் சொன்னேன். மேலே மிஞ்சிய 16 எம்பி இருப்பதே அதற்குத் தெரியாது. டிரைவர் அந்த முகவரியை நேராக எடுத்துக்கொண்டது. சிஎம்ஏ எழுதியவர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதே ஒதுக்கிப் பூட்டும் வேலை. இரவெல்லாம் 16 எம்பி சும்மா கிடக்கும். அதைக் கேட்டு மூத்தவர் சிரித்தார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே. எங்க காலத்துல இப்படித்தான்."

அந்தப் பொய்க்கு ஒரு பின்கதை உண்டு. பிறகு விலை குறைக்க 256 எம்பிப் பலகை ஒன்று வந்தது. பூட் வரியை 240 என்று மாற்றினோம். டிரைவருக்குள் கையால் எழுதியிருந்த 496-ஐ மாற்ற மறந்துவிட்டோம். அதாவது இல்லாத ரேமில் படம் எழுதச் சொல்லியிருக்கிறோம். ஆனால் எல்லாம் வேலை செய்தது, பல மாதம்! அந்த மெமரி கன்ட்ரோலர் மேல் பிட்டைக் கண்டுகொள்ளாமல் முகவரியைச் சுற்றிக் கொண்டுவந்துவிடும். 496-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 240. சரியாக ஒதுக்கிய இடத்திலேயே போய் விழுந்திருக்கிறது. மீதி 200-ஆக இருந்திருந்தால் பாட்டில் படத்தைக் கெர்னலின் தலைமேல் எழுதியிருப்போம். கோடைத் திரும்ப வாசிக்கும்போது இதைக் கண்டு எனக்கு வியர்த்தது. இப்போது புதிய கெர்னலில், பலகையின் ஹார்டுவேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஒதுக்கிய நினைவகம் என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டால் கெர்னலும் டிரைவரும் அதையே படித்துக்கொள்ளும், கையால் எண் எழுதும் வேலை இல்லை. அதிலும் ஒரு சொல்லை மாற்றினால் அது சிஎம்ஏவாகிவிடும், இன்னொன்றைப் போட்டால் முழுப் பூட்டு.

நான் முழுப் பூட்டுத்தான் போடுகிறேன். ஐஓஎம்எம்யூ இருக்கும் சில்லு கிடைத்தால் எதுவுமே வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிஎம்ஏ பற்றிப் படித்துவிட்டு வந்து "ஏன் அண்ணா இந்தக் காலத்திலும் இப்படி?" என்று கேட்பார்கள். அவர்களிடம் அந்தப் பதினாறு கட்டத்தை வரைந்து காட்டுவேன். சிலர் சமாதானமாவார்கள், சிலர் 64 எம்பி வைத்தால் போதுமே என்பார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. 4 ஜிபி ரேம் இருக்கும் இடத்தில் நானும் அப்படித்தான் சொல்வேன்.

போன வருடம் வேறு வேலையாக அதே தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பழைய பெட்டி ஒன்று இன்னும் பெல்ட்டுக்கு மேலே தூசி படிந்து தொங்கியது. கேபிளைச் சொருகி உள்ளே போய்ப் பார்த்தேன். பூட் ஆகி 211 நாள். பட்டி-இன்ஃபோவின் கடைசி நெடுவரிசையில் பூஜ்யம். அதற்கு முந்தையதிலும் பூஜ்யம். கீழே பாட்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன, கேமரா எண்ணிக்கொண்டிருந்தது.